கைவினைப் பூசணியில் களிமண் முகம்: மூக்கு பிளக்கிறது, பெயின்ட் உரிகிறது

ஆரஞ்சுத்தோல்:

வணக்கம். செயற்கைப் பூசணி ஒன்று. உள்ளே வெறும் கூடு, குறுக்களவு 25 செ.மீ., வெள்ளை நிறம், கையில் தூக்கினால் கனமே தெரியாது. அதில் ஒரு சிடுமூஞ்சித் தாத்தா முகம் வைக்கணும்: தடித்த புருவம், தொங்கும் மூக்கு, கன்னத்தில் சுருக்கம், நெற்றியில் ஒன்றிரண்டு மரு.

காற்றில் காயும் வெள்ளைக் களிமண்தான் பயன்படுத்தியது. மூக்கு கிட்டத்தட்ட 3 செ.மீ. தடிமன். மூன்று நாள் காய்ந்த பிறகு நிலைமை இது: மூக்கின் நடுவில் நீளவாக்கில் பிளவு. மூக்கைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. புருவம் பூசணியின் பள்ளங்களைத் தாண்டும் இடத்திலெல்லாம் குறுக்கே விரிசல். களிமண் இல்லாத பகுதியில் நேரடியாக அடித்த ஆரஞ்சு அக்ரிலிக், மறைப்பு டேப்பை எடுத்ததும் தோலாக உரிந்து வந்துவிட்டது.

மாற்ற வேண்டியது களிமண்ணையா, பசையையா, பெயின்டையா? மறுபடி முதலிலிருந்து செய்யத் தயார். இதே தப்பு திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான்.

உப்புத்தாள்:

எதையும் மாற்றும் முன் உங்கள் பூசணி என்ன பொருளில் ஆனது என்று பாருங்கள். செயற்கைப் பூசணி என்ற ஒரே பெயரில் நாலு வகை கிடைக்கிறது. ஒன்றுக்குப் பொருத்தமான பசை இன்னொன்றைக் கரைத்துவிடும்.

அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் பிளேடால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். மணிமணியாக உதிர்ந்தால் தெர்மாகோல். நுண்ணிய துளைகளோடு, ரஸ்க் தூள் மாதிரி பொடிந்தால் பாலியூரித்தேன் நுரை. மெழுகைச் சீவினதுபோல் சுருள் சுருளாக வந்தால் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் (அடியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 4 என்ற எண் இருக்கலாம்). நார் நாராகப் பிரிந்தால் காகிதக்கூழ். இன்னும் சந்தேகம் என்றால் அசிட்டோன் தோய்த்த பஞ்சை அதே இடத்தில் தொட்டு எடுங்கள். தெர்மாகோல் உடனே குழிந்து போகும். மற்ற மூன்றும் அப்படிக் கரைந்து போகாது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பாலியூரித்தேன் நுரையாக இருக்கலாம். அப்படியென்றால் பெயின்ட் உரிந்ததற்குக் காரணம் பெயின்ட் இல்லை. இந்த வகை அச்சில் வார்க்கப்படுகிறது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய மெழுகோ சிலிக்கோனோ மேல்தோலில் மிச்சமிருக்கும். அதன்மேல் எந்த அக்ரிலிக்கும் பிடிக்காது. காய்ந்து ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும், டேப் இழுத்ததும் கூடவே வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை லேசாக, வட்டவட்டமாகத் தேயுங்கள். அச்சின் இணைப்புக்கோடு தெரிந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பெயின்டுக்குப் பிறகு அது இரண்டு மடங்கு எடுப்பாகத் தெரியும். தோலைத் தாண்டி உள்நுரை தெரியும்வரை தேய்த்தால் அந்த இடம் பஞ்சுபோல் பெயின்டைக் குடிக்கும், அதனால் அழுத்த வேண்டாம். இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில் செய்யுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அதற்குப் பிறகு விரல் படாமல் பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடியுங்கள்: கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அல்லது நீர்ப்பிரைமர், மெல்லிதாக 2 பூச்சு. களிமண் உட்காரப்போகிற இடத்தில் மட்டும் பிரைமர் வேண்டாம். பூசணி, பிரைமர், களிமண் என்று அடுக்கு கூடக்கூடப் பிரிவதற்கான இடமும் கூடும்.

தெர்மாகோலாக இருந்தால் கணக்கே வேறு. ஸ்ப்ரே பெயின்டும் கரைப்பான் கலந்த பசையும் பக்கத்திலேயே வரக்கூடாது. சாதாரண சூப்பர் குளூவும் அதைத் தின்றுவிடும். வெள்ளை மரப்பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 2 பூச்சு கொடுத்து மேல்தோல் உண்டாக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். பாலிஎத்திலீன் எதையுமே ஒட்டவிடாது. அதற்கு 120 எண் உப்புத்தாள், பிறகு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் ஒட்டுப் பிரைமர். களிமண்ணைப் பசையை நம்பி விடக்கூடாது, கம்பியால் கட்டித்தான் நிறுத்த வேண்டும். காகிதக்கூழ் என்றால் ஈரம்தான் எதிரி. ஈரக் களிமண் வைக்கும் முன் 2 பூச்சு வார்னிஷ் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கூடு தொய்ந்துவிடும்.

களிக்கை:

பெயின்டு பத்தி மேல சொன்னது சரி. களிமண் பக்கம் நான் சொல்றேன், அதுல மூணு தப்பு தனித்தனியா நடந்திருக்கு.

முதல்ல சுருக்கம். காத்துல காயற களிமண்ணுல இருக்கிற தண்ணி போகப்போக அது சின்னதாகும், வகையைப் பொறுத்து 5 முதல் 10 சதவீதம் வரைக்கும். தனியா வெச்சா எல்லாப் பக்கமும் சமமா சுருங்கிடும், பிரச்சினை இல்ல. பூசணி மேல வெச்சா அடிப்பக்கம் சுருங்க முடியாது, ஏன்னா பூசணி சுருங்காது. மேல்பக்கம் மட்டும் இழுக்கும். ஒண்ணு களிமண் பிளக்கணும், இல்ல ஓரம் தூக்கணும். உங்களுக்கு ரெண்டும் ஆகியிருக்கு.

ரெண்டாவது தடிமன். 3 செ.மீ. முழுக்கக் களிமண்ணா வெச்சா வெளித்தோல் ஒரு நாள்ல இறுகிடும், உள்ள இன்னும் ஈரமா இருக்கும். உள்ளே இருக்கறது பின்னாடி காஞ்சு சுருங்கும்போது வெளித்தோல் விட்டுக்கொடுக்காது, நடுவுல கிழியும். களிமண் எங்கயும் 5 மி.மீ. தாண்டக்கூடாது. மீதிப் பருமனை வேற பொருள்ல நிரப்புங்க.

மூணாவதைத்தான் நிறையப் பேர் கவனிக்கறதில்ல: பூசணியோட பள்ளம். புருவத்தைப் பள்ளத்துக்குக் குறுக்க வெக்கறப்போ மேட்டு மேல 4 மி.மீ. களிமண் இருந்தா பள்ளத்துல 12 மி.மீ. இருக்கும். வெளியில பார்த்தா ஒரே புருவம். உள்ள தடிச்ச இடம், மெலிஞ்ச இடம்னு மாறி மாறி வருது. தடிச்சது அதிகமா சுருங்கி மெலிஞ்சதை இழுக்கும். விரிசல் விழுந்த இடத்தை அளந்து பாருங்க, பள்ளத்தோட விளிம்புலயே இருக்கும்.

அதனால முதல் வேலை முகம் வரப்போற பகுதியில பள்ளத்தை நிரப்பறது. அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, கயிறு மாதிரி உருட்டி, பள்ளத்துல வெச்சு, கரண்டியோட பின்பக்கத்தால அழுத்தி மட்டமாக்குங்க. குறைந்த சூட்டு குளூ கன்னால அங்கங்க ஒரு பொட்டு வெச்சா போதும். (தெர்மாகோல் பூசணின்னா அதிக சூட்டு கன் கிட்டயே போகாதீங்க, ஓட்டை விழும்.) முழுப் பள்ளத்தையும் நிரப்ப வேணாம். முகத்துக்கு வெளியே பள்ளம் அப்படியே ஓடட்டும், அதுதான் இது பூசணின்னு காட்டும். நிரப்பின இடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல 2 செ.மீ. தூரத்துக்குச் சரிவா இறக்கி விடுங்க.

மூக்குக்கு: 1.5 மி.மீ. கம்பி, சுமார் 12 செ.மீ., நடுவுல மடக்குங்க. ரெண்டு முனையையும் பூசணிச் சுவருல 2 செ.மீ. இடைவெளியில ஓட்டை போட்டு உள்ள விட்டு, அடித்துளை வழியா கை விட்டுப் பக்கவாட்டுல மடிச்சிடுங்க. அடியில துளை இல்லன்னா இப்பவே 7, 8 செ.மீ. வட்டமா ஒண்ணு வெட்டிக்கோங்க, பின்னாடி விளக்கு வைக்கவும் உதவும். வெளியில நிக்கிற வளையத்துல ஃபாயிலை இறுக்கிக் கட்டி மூக்கோட வடிவத்தை வரவழைங்க. நீங்க நினைச்ச மூக்கைவிட 5 மி.மீ. சின்னதா, ஒல்லியா இருக்கணும். இந்த ஃபாயில் மூக்கைப் பார்த்தாலே தாத்தா சாயல் தெரியணும். தெரியலன்னா களிமண் போட்டாலும் தெரியாது.

களிமண் உட்கார்ற இடம் முழுக்க 80 எண் உப்புத்தாளால தேய்ங்க. அப்புறம் கத்தி முனையால கட்டம் கட்டமா 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறுங்க. வெள்ளைப் பசையைத் தண்ணி சேர்க்காம தடவி, பசை ஈரமா இருக்கும்போதே களிமண்ணை அப்பி, கட்டை விரலால ஓரத்தை வெளிப்பக்கமாத் தேய்ச்சுப் பூசணியோட கரைச்சு விடுங்க. ஓரம் கத்தி மாதிரி மெலிஞ்சு போகணும். செங்குத்தா நிக்கிற ஓரந்தான் முதல்ல தூக்கும்.

ஒரே நாள்ல முடிக்காதீங்க. முதல் நாள் மூக்கு, கன்னம், தாடை எல்லாம் 3 மி.மீ. அடுக்கு, விவரம் எதுவும் வேணாம். மேல ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாக் கவுத்து ஒரு நாள் விடுங்க, அப்புறம் பையை எடுத்துட்டு இன்னொரு நாள். மின்விசிறிக்கு நேரா வைக்காதீங்க, வெயில் வேணாம், ஹேர் டிரையர் வேண்டவே வேணாம். சன்ன விரிசல் வந்தா வரட்டும், முதல் அடுக்கு அதுக்குத்தான். மேல தண்ணி தொட்டு, பசை தடவி, ரெண்டாவது அடுக்கு 2 மி.மீ. போட்டு அதுலதான் சுருக்கம், மரு, புருவ முடி எல்லாம்.

ஆரஞ்சுத்தோல்:

கீறிப் பார்த்தேன், ரஸ்க் தூள்தான். பாலியூரித்தேன் நுரை.

இன்னும் இரண்டு கேள்வி. இவ்வளவு அடுக்குக்குப் பதில் சுருங்காத எபாக்ஸி களிமண்ணிலேயே (இரண்டு கூறைப் பிசைந்தால் தானாக இறுகுவது) செய்துவிட்டால் என்ன? இல்லை, சூட்டில் இறுகும் பாலிமர் களிமண்ணில் செய்து பூசணியோடு சேர்த்து ஓவனில் வைக்கலாமா?

உப்புத்தாள்:

பூசணியோடு ஓவனில் வைக்கவே கூடாது. பாலிமர் களிமண் வேகச் சுமார் 130 டிகிரி செல்சியஸ் வேண்டும், தடிமனைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடமோ அதற்கு மேலோ. அந்தச் சூட்டில் தெர்மாகோல் சுருண்டே போகும். பாலியூரித்தேன் கூடு நெளியலாம், புகை விடலாம். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதில்லை. இன்னொன்று, வேகாத பாலிமர் களிமண்ணில் இருக்கும் மென்மையாக்கி தெர்மாகோலை மெல்ல மெல்ல அரிக்கும். அதை ஈரக் களிமண்போல் அப்பிவைப்பதும் ஆபத்துதான்.

பாலிமரில்தான் செய்வேன் என்றால் வழி உண்டு. முகம் வரும் பகுதியின் மேல் அலுமினிய ஃபாயிலை 5 மடிப்பாக வைத்து அழுத்தி, பள்ளமும் வளைவும் பதிந்ததும் மெதுவாகக் கழற்றுங்கள். உட்பக்கக் குழிவில் கசக்கிய ஃபாயிலை நிரப்பினால் பூசணியின் வளைவு கொண்ட ஒரு தாங்கி கிடைக்கும். அதன்மேல் முகத்தைச் செய்து, வேகவைத்து, முழுக்க ஆறிய பிறகு பூசணியில் இரட்டைக் குழாய் எபாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். ஓரத்தில் தெரியும் கோட்டைக் கொஞ்சம் எபாக்ஸி களிமண்ணால் மூடிவிடலாம்.

களிக்கை:

எபாக்ஸி களிமண் நல்ல யோசனைதான், ஆனா முழு முகத்துக்கும் வேணாம். கனம். இவ்வளவு இலேசான கூட்டுல முன்பக்கம் கால் கிலோ ஏத்தினா பூசணி மூக்கு குப்புற விழும். ஃபாயில் உள்கூட்டை வெச்சு மேல 3 மி.மீ. எபாக்ஸின்னா சரி. இல்லன்னா அடித்துளை வழியா பின்பக்கமா ஒரு பையில மணலோ கூழாங்கல்லோ அரைக் கிலோ போட்டு நிறுத்துங்க.

பயன்படுத்தறது இப்படி. ரெண்டு கூறையும் சம அளவு எடுங்க, கண் மதிப்புல இல்ல, ரெண்டையும் ஒரே அளவு உருண்டையாப் பிடிச்சுப் பார்த்து. நிறம் கோடு கோடாத் தெரியாம ஒண்ணாகற வரைக்கும் பிசையணும், அதுக்கு 3 நிமிஷமாவது ஆகும். பிசைஞ்சது பத்தாம கோடு இருந்துச்சுன்னா அந்த இடம் எப்பவும் பிசுபிசுப்பாவே நிக்கும், இறுகாது. சிற்ப வேலைக்குன்னு வர்ற வகை ஒண்ணு ரெண்டு மணி நேரம் வேலை செய்ய விடும், முழுசா இறுக 24 மணி நேரம். குழாய் ஓட்டை அடைக்கிற வகையை வாங்கிடாதீங்க, புருவம் ஒண்ணை முடிக்கறதுக்குள்ளயே கல்லாயிடும். பிசைஞ்ச உடனே கருவியில ஒட்டிக்கிட்டே வரும். 20 நிமிஷம் விட்டுட்டுத் தொட்டா சொன்னபடி கேக்கும். வழுவழுப்பாக்க விரல் நுனியில தண்ணி, கொஞ்சமா. தண்ணி அதிகமானா மேல வெள்ளைப் பூச்சு மாதிரி படியும், பெயின்டு பிடிக்காது.

கையுறை கட்டாயம். எபாக்ஸி தோல்ல படப்படத்தான் ஒவ்வாமை வரும். முதல் தடவை ஒண்ணும் ஆகலன்னு விட்டுடாதீங்க. இறுகினதைத் தேய்க்கறதா இருந்தா ஈரத்துல தேய்ங்க.

மூணாவதா ஒண்ணு இருக்கு, நுரைக் களிமண். பஞ்சு மிட்டாய் மாதிரி இலேசா, இழுத்தா நீளும். சுருக்கம் கொஞ்சந்தான், கனமே இல்ல. பள்ளம் நிரப்பவும் மூக்கோட பருமனுக்கும் ஃபாயிலுக்குப் பதிலா இதையே வெக்கலாம். ஆனா கூர்மையான சுருக்கம் இதுல நிக்காது, அரை மணி நேரத்துல கோடெல்லாம் உருண்டு மழுங்கிடும். காஞ்ச பிறகும் வளையும். அதனால மேல தடியா கெஸ்ஸோ பூசினா அழுத்தும்போது முட்டை ஓடு மாதிரி நொறுங்கும்.

உங்க தாத்தாவுக்கு என் ஓட்டு இதுதான்: பருமனுக்கு ஃபாயில், கன்னம் நெற்றி எல்லாம் காத்துல காயற களிமண், மூக்கு நுனி, புருவம், இமை, மரு இந்த நாலுக்கு மட்டும் எபாக்ஸி. தட்டுப்பட்டு உடையறதும் கண்ணு முதல்ல போய் நிக்கறதும் இந்த இடங்கள்தான்.

சுருக்கம் போடறப்போ ஒண்ணு கவனிங்க. கோட்டைக் கீறினா அது வெட்டுக்காயம் மாதிரிதான் இருக்கும். முதல்ல கருவியோட உருண்டை முனையால அழுத்திப் பள்ளம் பண்ணுங்க, பக்கத்துல மண்ணு தானா உப்பிவரும். அந்த உப்பலைத் தண்ணி தொட்ட பிரஷால நீவினா தோல் மடிப்பு. மூக்கோட சிறகுல ஆரம்பிச்சு வாயோரம் வரைக்கும் வர்ற மடிப்புதான் வயசைக் காட்டும், அதை ஆழமாப் போடுங்க. நெற்றிக் கோடு ரெண்டு போதும். சிடுமூஞ்சின்னா புருவத்தோட உள்முனை கீழ இறங்கி, நடுவுல ரெண்டு நெட்டுக் கோடு. வாயோரம் கீழ. இவ்வளவுதான், மிச்சத்தைப் பூசணியோட வரியே பார்த்துக்கும்.

கண்ணுக்குக் களிமண் உருண்டை வேணாம். 20 மி.மீ. மர உருண்டையோ கண்ணாடிக் கோலியோ வெச்சு மேல இமையைப் போர்த்துங்க. உருண்டை கச்சிதமா இருந்தா இமை தப்பானாலும் மன்னிப்பு உண்டு. உருண்டையே கோணலா இருந்தா என்ன பண்ணியும் முகம் செத்துக் கிடக்கும்.

தூரிகைவால்:

களிமண் முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்க: உங்கள் கன்னத்தை அதில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் பிறகு கொப்புளம் வரும்.

முதலில் களிமண்ணையும் பூசணியையும் ஒரே கெஸ்ஸோவால் மூடுங்கள். நிறத்துக்கு முன்னாலேயே இரண்டும் ஒரே பொருளாகத் தெரிய வேண்டும். களிமண் அதிகம் உறிஞ்சும், பூசணித் தோல் உறிஞ்சாது. நேரடியாக நிறம் அடித்தால் ஒரே டப்பா ஆரஞ்சு இரண்டு நிறமாகக் காயும். களிமண்மேல் மங்கல், தோல்மேல் பளபளப்பு.

ஆரஞ்சை வெள்ளைமேல் நேராக அடிக்காதீர்கள். ஆரஞ்சு, மஞ்சள் நிறமிகளில் பல ஒளிபுகும் தன்மை கொண்டவை. 4 பூச்சு அடித்தாலும் கோடு தெரியும், நிறமும் பிளாஸ்டிக் பொம்மைபோல் இருக்கும். மஞ்சள் காவியில் ஒரு முழுப்பூச்சு. பள்ளங்களிலும், மூக்கின் அடியிலும், இமைக்குக் கீழும் செங்காவி, ஈரமாக இருக்கும்போதே ஓரத்தைத் தேய்த்துக் கலந்து விடுங்கள். இது காய்ந்த பிறகு ஆரஞ்சை மெல்லிதாக 2 பூச்சு. அடியில் இருக்கும் காவி உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், உண்மையான பூசணித் தோலில் இருப்பது போல. பிரஷ் எப்போதும் காம்பிலிருந்து அடிநோக்கி, வரிகளின் போக்கில். முகத்தில் மட்டும் தசையின் போக்கில்.

நிழலுக்குக் கறுப்பு எடுக்காதீர்கள். மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பாசி பிடித்த பச்சையாகும், ஆரஞ்சில் சேர்ந்தால் அழுக்கு. ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். எரிந்த செங்காவியில் அல்ட்ராமரைன் நீலம் ஒரு துளி விட்டால் ஆழமான பழுப்பு கிடைக்கும், அதுதான் நிழல்.

சுருக்கங்களை எடுத்துக்காட்ட வாஷ், அதாவது பள்ளத்தில் தங்கும்படி பூசும் நீர்த்த அடர்நிறம். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பெயின்டில் தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்கவைத்தால் அதிலுள்ள பசைச்சத்து போய்விடும். காய்ந்ததும் பொடியாக உதிரும், வார்னிஷ் பிரஷ் பட்டதும் கரைந்து வரும். 1 பங்கு அடர்பழுப்பு, 3 பங்கு கிளேஸ் மீடியம் (பசைச்சத்து போகாமல் பெயின்டை நீர்க்கவைக்கும் திரவம்), 1 பங்கு தண்ணீர் என்று கலக்குங்கள். வாஷ் அடிக்கும் முன் முழு முகத்துக்கும் சாட்டின் (பாதிப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டால், தப்பானதைத் துடைத்தெடுக்க முடியும். இல்லாவிட்டால் களிமண் அதைக் குடித்துக் கறையாக்கிவிடும். ஒரு கன்னம், பிறகு மூக்கு, பிறகு அடுத்த கன்னம் என்று பகுதி பகுதியாகப் பூசி, ஒரு நிமிடத்துக்குள் ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். பள்ளத்தில் தங்கியது தங்கட்டும். முழு முகத்துக்கும் பூசிவிட்டுத் துடைக்கப் போனால் ஆரம்பித்த இடம் காய்ந்திருக்கும்.

அடுத்து உலர்தூரிகை. தட்டையான, கொஞ்சம் முரடான பிரஷ். ஆரஞ்சில் வெள்ளை கலக்காமல் இளமஞ்சள் கலந்து (வெள்ளை சேர்த்தால் சோகை பிடித்த நிறமாகும்) பிரஷில் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது மூக்கு நுனி, கன்ன மேடு, புருவ முடி, மருவின் உச்சி இவற்றில் உரசுங்கள். காகிதத்தில் துடைப்பதில் பொறுமை போனால் முகத்தில் பட்டை விழும்.

மூக்கு நுனியிலும் கன்னத்திலும் காதிருக்கும் இடத்திலும் சிவப்பை நீர்த்த கிளேஸாகக் கொஞ்சம் தொட்டால் ரத்தம் ஓடுவது போல் இருக்கும். இமை ஓரத்திலும் அதே. கண்ணில் வெண்பகுதிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், தந்தநிறம். கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் கொஞ்சம் மறைந்திருக்கட்டும். முழு வட்டம் தெரிந்தால் தாத்தா சிடுமூஞ்சியாக இருக்க மாட்டார், பயந்தவராகத்தான் இருப்பார். ஒளிப்பொட்டு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், கடிகாரத்தில் 10 மணி இருக்கும் இடத்தில்.

மெல்லிய நரம்பு வேண்டுமென்றால் களிமண்ணில் முயலாதீர்கள். தையல்நூலை வெள்ளைப் பசையில் தோய்த்து, கெஸ்ஸோவுக்கு முன் ஒட்டுங்கள். சின்ன மருவுக்குக் கெட்டி அக்ரிலிக் ஜெல்லைப் பல்குத்தும் குச்சியால் பொட்டு வைத்தாலே போதும்.

காம்பைக் கடைசியில் பழுப்புப் பெயின்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கும் இளம்பச்சைக் காவி அடிநிறம், நெடுக்குக் கோட்டில் பழுப்பு வாஷ், விளிம்பில் உலர்தூரிகையால் வைக்கோல் நிறம். காம்பு பூசணியைச் சந்திக்கும் இடத்தில் பச்சை கொஞ்சம் ஆரஞ்சுக்குள் வழியட்டும்.

மழைக்காகிதம்:

மேலே சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. கெஸ்ஸோ எல்லாம் ஒன்றல்ல. குழந்தைகள் கைவினைக்கு வரும் மலிவு வகை சிலவற்றில் சுண்ணப்பொடி அதிகம், விரல் வைத்துத் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும். அது களிமண்ணுக்குப் பரவாயில்லை, வழுவழுப்பான பூசணித் தோலில் அதுவே உரியும் அடுக்காகிவிடும். தோல் பகுதிக்கு அக்ரிலிக் ஒட்டுப் பிரைமர்தான் பத்திரம். அடித்து 24 மணி நேரம் கழித்து, அடிப்பக்கத்தில் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறாததன் மேல் மூன்று நாள் உழைப்பைக் கொட்ட வேண்டாம்.

கடைசியில் அடிக்கும் வார்னிஷ் பற்றி யாரும் பேசவில்லை. பெயின்ட் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. குறைந்தது ஒரு நாள், தடித்த பூச்சு இருந்தால் மூன்று நாள் பொறுங்கள். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷில் பளபளப்பைக் குறைக்க நுண்ணிய சிலிக்கா தூள் சேர்த்திருப்பார்கள், அது அடியில் படியும். குலுக்கினால் குமிழி வரும், ஆகவே குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். 2 மெல்லிய பூச்சுக்கு மேல் போனால், அதுவும் பள்ளத்தில் தேங்கினால், அந்தத் தூளே வெண்படலமாகத் தெரியும். அடர்நிழல் போட்ட இடத்தில்தான் முதலில் தெரியும். அதிகப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முதல் பூச்சுகளைப் பளபளப்பு வார்னிஷில் அடித்துக் கடைசி ஒன்றை மட்டும் மேட் வார்னிஷில் அடிப்பது வழக்கம்.

ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் 25 செ.மீ. தூரத்திலிருந்து, பூசணிக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி தூவுங்கள். மழை நாளிலும் காற்று ஈரமாக இருக்கும்போதும் வேண்டாம், பால்போல் வெளுத்துவிடும். தெர்மாகோல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெயின்டில் ஊசிமுனை அளவு விட்டுப்போன இடம் இருந்தாலும் கரைப்பான் உள்ளே போய் அடியில் குழி பறிக்கும். அவர்களுக்குப் பிரஷ் வார்னிஷ்தான்.

கண்ணுக்கு மட்டும் கடைசியில் பளபளப்பு வார்னிஷ் 2 பூச்சு, கீழிமை ஓரத்தில் ஒரு சொட்டு கூடுதலாக. ஈரக் கண்.

வெளியில் வைப்பதென்றால் காற்றில் காயும் களிமண்ணை எந்த வார்னிஷும் நெடுநாள் காப்பாற்றாது. ஒரு சின்ன விரிசல் வழியாகத் தண்ணீர் போனாலே உள்ளே மறுபடி மண்ணாகிவிடும். திண்ணை, மாடம் என்று கூரைக்கடியில் வையுங்கள், இல்லையென்றால் முழுக்க எபாக்ஸி. ஒளிரும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு வெயிலில் வேகமாக வெளுக்கும், வாங்க வேண்டாம்.

உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் பேட்டரி எல்இடி மட்டும். மெழுகுவத்தி, அகல் எதுவும் கூடாது. நுரை தீப்பிடித்தால் நச்சுப்புகை.

ஆரஞ்சுத்தோல்:

எல்லாருக்கும் நன்றி. ஏற்கெனவே காய்ந்துபோன முகத்தை முழுக்கப் பெயர்த்தெடுக்கணுமா? மூக்கு மட்டும்தான் ஆடுகிறது, கன்னம் இறுக்கமாக இருக்கிறது.

களிக்கை:

ஆடறதை எடுங்க, ஆடாததை விடுங்க. விரல் நகத்தால தட்டிப் பாருங்க. கெட்டிச் சத்தம் வந்தா பிடிச்சிருக்கு, டொக்குன்னு பொள்ளல் சத்தம் வந்தா அடியில காத்து இருக்கு. பொள்ளலா இருக்கற இடத்தைச் சுத்திக் கத்தியால கோடு போட்டுட்டுப் பெயருங்க, அப்பத்தான் பக்கத்துல இருக்கறதை இழுத்துக்கிட்டு வராது.

மூக்கைத் தூக்கிப் போட்டுட்டு கம்பி, ஃபாயில்னு புதுசாப் பண்ணுங்க. புருவத்துல இருக்கற விரிசலை மேலோட்டமாக் களிமண்ணை இழுத்து மூடாதீங்க, அது அடுத்த நாளே திறந்துக்கும். விரிசலை முதல்ல கத்தி முனையால அடிப்பக்கம் குறுகி மேல அகலமா, ஆப்பு வடிவத்துல விரிச்சு விடுங்க. தூளை ஊதிட்டு வெள்ளைப் பசையைப் பாதித் தண்ணியோட கலந்து உள்ள விடுங்க, காஞ்ச களிமண் அதைக் குடிக்கட்டும். 10 நிமிஷம் கழிச்சு எபாக்ஸியை அழுத்தி நிரப்புங்க. எபாக்ஸி இல்லன்னா காஞ்ச களிமண்ணையே பொடி பண்ணிப் பசையில குழைச்சு வெக்கலாம், அதுல தண்ணி கம்மிங்கறதால சுருக்கமும் கம்மி. கொஞ்சம் மேடாவே விட்டுட்டு, இறுகினதும் 240 எண் தாள்ல மட்டம் பண்ணுங்க.

உரிஞ்ச பெயின்டு விஷயத்துல மட்டும் பாதி வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. டேப் ஒட்டி இழுத்தா மிச்சமும் பட்டையா வந்துடும், முழுக்க எடுத்துட்டுக் கழுவுங்க. களிமண்ணு மேல தண்ணி படாம ஈரத்துணியால துடைச்சாப் போதும்.